நாயின் ஓயாத் தினவும் அதன் காரணத்தைக் காணும் முறையும்

தோட்டத்தையும் களத்தையும் ஆட்டுப்பட்டியையும் காவல் காக்கும் நாயானது குடியானவருக்குச் சம்பளமில்லாத ஊழியன் என்பது யாவரும் அறிந்த விஷயம். நிலக்கடலை முற்றும் காலத்தில் காட்டுப்பன்றியையும், கிடை போட்டிருக்கும் இரவில் நரியையும் கள்ளனையும் அதன் குரலே விலக்கி வைக்கின்றது. அத்தகைய நாய் இரா முழுவதும் உறக்கமின்றிச் சொறிந்தும், கடித்தும், சுவரில் உடம்பைத் தேய்த்தும் கொண்டிருக்குமாயின் அதன் காவல் கெடுவதோடு சரீரமும் மெலிகின்றது. ரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, நாற்றம் வீசத் தொடங்கியதும் வீட்டார் அதனை அருவருத்து ஒதுக்குகின்றனர். சிலர் அதனைச் சாக்கில் கட்டி எடுத்துச் சென்று தூரத்தில் விட்டு விடுவதும் உண்டு. அங்ஙனம் விடப்பட்ட நாய்க்கு உள்ளது ஒட்டுவாரொட்டியான சொறியாயின், சென்ற இடத்து நாய்களுக்கெல்லாம் அது பரவும். விட்டவர் வீட்டிலோ, காரணம் அகலாமல் நின்று, அடுத்து வளர்க்கும் குட்டியையும் பற்றக் கூடும்.

இவ்வளவு நஷ்டத்திற்கும் மூலமாயிருப்பது, தினவே ஒரு வியாதி என்னும் எண்ணமாகும். தினவு வியாதியன்று, காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அடையாளமேயாம். காய்ச்சல் அனைத்திற்கும் ஒரே மருந்து இல்லாதவாறே தினவு அனைத்திற்கும் ஒரே களிம்பு இல்லை. ஆகவே முதலில் தேட வேண்டுவது மருந்தன்று, காரணமே. அக்காரணத்தை ஒழுங்கான வரிசையில் தேடினால், பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிக்க முடியும்.

தினவு உண்டாகும் விதம்

நாயின் தோலைத் தினவெடுக்கச் செய்யும் காரணங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கலாம். முதலாவது, தோலின்மேல் வாழும் தெள்ளு, உண்ணி, பேன் முதலிய பூச்சிகள். இரண்டாவது, தோலினுள் குடியிருக்கும் கண்ணுக்குப் புலப்படாத சொறிப்பூச்சிகள். மூன்றாவது, தோலைப் பற்றும் கிருமிகளும் காளான்களும். நான்காவது, உண்ணும் உணவிலுள்ள ஏதேனும் ஒரு பொருள் உடம்பிற்கு ஒவ்வாமற் போதல். ஐந்தாவது, வீட்டுத் தூசி, பூந்தாது முதலியன ஒவ்வாமற் போதல்.

ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, என்பதன் தன்மை கவனிக்கத் தக்கது. உடம்பிற்குள் புகும் விரோதிகளை எதிர்ப்பதற்கென்று இயற்கை அமைத்துள்ள காவற் சக்தி, தீங்கு செய்யாத ஒரு பொருளையும் விரோதியெனத் தவறாகக் கொண்டு போர் தொடுப்பதே ஒவ்வாமையாம். வியன்னா நகரத்து வைத்தியரான பிர்கே என்பவர் 1906-ம் ஆண்டில் அலர்ஜி என்னும் சொல்லை அமைத்தார். 1941-ம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான விட்டிச் என்பவர் பூந்தாதினால் ஒவ்வாமை கண்ட ஒரு நாயைப்பற்றி எழுதியதிலிருந்து, இக்கோளாறு மனிதருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று. தூசியும் பூந்தாதும் ஒவ்வாத மனிதர் பெரும்பாலும் தும்மி மூக்கொழுகுவர். நாயோ பெரும்பாலும் தோலையே சொறிந்து கொள்ளும்.

மற்றோர் உண்மையும் உண்டு. பல வாய்க்கால்கள் ஓர் ஏரிக்கு நீர் கொண்டுவரினும் ஏரி நிரம்பிய பின்னரே கலிங்கில் நீர் வழிகின்றது. அதுபோலவே ஒரு நாய்க்குச் சிறிது தெள்ளும், சிறிது காளானும், சிறிது உணவு ஒவ்வாமையும் தனித்தனியே இருப்பின் அது தாங்கிக்கொள்ளக் கூடும். மூன்றும் கூடியவிடத்தே தினவு மீறுகின்றது. ஒரு வாய்க்காலை அடைத்தவுடன் கலிங்கு நின்றுவிடுதலும் உண்டு. குறைந்து வழிதலும் உண்டு. ஆகையால் ஒரு காரணத்தை நீக்கியும் தினவு முழுதும் தீராவிடின் அக்காரணம் பொய்யென்று தள்ளுவது பிழையாகும். எவ்வளவு குறைந்தது என்பதை அளந்து, எஞ்சியதற்குக் காரணம் தேடுதல் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டிய விசாரணை

நாயைத் தொடுவதற்கு முன்னரே கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நலம்.

(1) தினவு எந்த வயதில் தொடங்கியது? ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையில் முதன்முதல் தோன்றியதாயின் தூசி, பூந்தாது ஒவ்வாமையை நினைக்கலாம். உணவு ஒவ்வாமை எந்த வயதிலும் தோன்றும்.

(2) ஆண்டு முழுவதும் உள்ளதா, ஒரு பருவத்தில் மட்டுமா? பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது பூந்தாதையோ பூச்சிப் பெருக்கத்தையோ காட்டும். உணவினால் வருவது, அந்த உணவு உள்ளவரை பருவம் பாராது.

(3) உடன் வாழும் பிற நாய்களுக்கும், வீட்டிலுள்ள மனிதர்க்கும் அரிப்பு உண்டா? உண்டாயின் ஒட்டுவாரொட்டியை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

(4) உடம்பின் எந்தப் பாகத்தில் சொறிகின்றது? வாலடி, பின்முதுகு, பின்தொடை ஆகியவை தெள்ளினைக் குறிக்கும். காதோரம், முழங்கை, பின்னங்காற் கணு, அடிவயிறு ஆகியவை சொறிப்பூச்சியைக் குறிக்கும். பாதம், முகம், காதின் உட்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவை உணவு அல்லது தூசி ஒவ்வாமையைக் குறிக்கும். காதில் மட்டும் அரிப்பிருந்து, காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு வருமாயின் காதுப்பூச்சியாக இருக்கலாம்.

(5) தினவு முந்தியதா, புண் முந்தியதா? தோலில் ஒன்றும் காணாதபோதே சொறியத் தொடங்கியிருப்பின் ஒவ்வாமை என்பதற்கு அது ஒரு சான்று.

(6) இதுவரை என்ன மருந்து கொடுக்கப்பட்டது. அதனால் எத்தனை நாள் குணம் கண்டது?

இவற்றோடு, ஓயாது சொறிவதற்குப் பத்து என்றும், சிறிதும் சொறியாமைக்குச் சுன்னம் என்றும் வைத்துக்கொண்டு, வாரத்திற்கு ஒரு முறை நாயின் தினவிற்கு ஓர் எண் இட்டு வருதல் மிகவும் பயன்படும். ஞாபகத்தை மட்டும் நம்புவோர் மருந்தின் பலனைத் தவறாக மதிப்பிடுவர்.

இம்முறையை விளக்க ஓர் உதாரணம் கொள்ளலாம். நான்கு வயதுள்ள பட்டி நாய் ஒன்று. இரண்டாண்டுகளாக வாலடியையும் பாதங்களையும் கடித்துக்கொண்டிருக்கின்றது. இருமுறை ஊசி போட்டதில் சில வாரம் குணமாகிப் பின்னும் திரும்பியது. பட்டியைக் கூட்டும் பெண்களின் கணுக்காலில் சிறு சிறு கடிகள் காண்கின்றன. தினவின் எண் ஒன்பது. இந்நாயைக் கொண்டே ஒவ்வொரு படியும் கீழே கூறப்படும்.

முதற்படி: தெள்ளும் உண்ணியும்

எல்லாவற்றிற்கும் முன்பாகத் தெள்ளினைத் தேட வேண்டும். ஏனெனில் அதுவே மிகச் சாதாரணமான காரணம், நீக்குவதற்கும் எளிது. தெள்ளுக்கடி ஒவ்வாத நாய்க்குத் தெள்ளின் எச்சிலே விஷமாகின்றது. பத்துத் தெள்ளு வேண்டுவதில்லை. ஒன்றிரண்டின் கடியே பல நாள் தினவிற்குப் போதும். அன்றியும், அத்தகைய நாய் ஓயாது கடித்துத் தன்மேலுள்ள தெள்ளினைத் தானே விழுங்கிவிடுவதால், தேடுபவர் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாமற் போதலும் உண்டு.

இதற்கு எளியதொரு பரிசோதனை உளது. ஈரமான வெள்ளைத் துணியின்மேல் நாயை நிறுத்தி, வாலடி ரோமத்தை நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் வாரி உதறுக. விழும் கரிய துகள்கள் ஈரத்தில் கரைந்து செந்நிறமாகப் பரவினால் அவை மண்ணல்ல. நாயின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் எச்சமே. நிறம் மாறாதவை வெறும் அழுக்கு.

தெள்ளினை ஒழிப்பதில் பலரும் தோல்வியுறுவதன் காரணம், நாயின் மேலுள்ளதை மட்டும் பார்ப்பதேயாம். மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே நாயின்மேல் உள்ளது. எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கும் முட்டையாகவும், புழுவாகவும், கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் மணலிலும் வைக்கோலிலும் கிடக்கின்றன. உஷ்ணமும் ஈரமும் பொருந்திய காலத்தில் மூன்று நான்கு வாரங்களில் முட்டை தெள்ளாகிவிடும். கூட்டுப்புழுவோ பல மாதம் உறங்கிக் கிடந்து, பிராணியின் காலடி அதிர்ச்சியும் உடற்சூடும் பட்டவுடன் வெளிவந்து ஏறுகின்றது. ஆகையால் நாய்க்கு மட்டுமன்றி, அதனோடு வாழும் பூனைக்கும் ஆட்டிற்கும் ஒரே காலத்தில் மருந்திட்டு, பட்டியின் பழைய படுக்கையைக் கழித்து, மணலை மாற்றி, சாக்கு முதலியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலும் வறட்சியும் தெள்ளுப்புழுவைக் கொல்வன. இவ்வேலையை இரண்டு மூன்று மாதம் இடைவிடாது செய்தாலன்றிப் பலனைத் தீர்மானிக்கலாகாது.

உண்ணியின் விஷயமும் இத்தகையதே. மாட்டுண்ணி ஏறிய மாட்டின்மேலேயே வளர்ந்து முதிர்கின்றது. நாயுண்ணியோ மூன்றுமுறை இரத்தம் குடித்து மூன்றுமுறையும் கீழிறங்கி, சுவர் வெடிப்பிலும் கூரையிடுக்கிலும் ஒளிந்து தோலுரிக்கின்றது. இறுதியில் அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றது. ஆகையால் சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்தல் நாய்க்கு மருந்திடுவதற்குச் சமமாகும். நாயுண்ணி தினவை மட்டுமன்றி உண்ணிக் காய்ச்சலையும் தருவது. நாய் உணவை வெறுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, அல்லது மூக்கில் இரத்தம் கசிந்தால் ஒரு நாளும் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். தினவை நிறுத்தவெனப் போன இடத்தில் உயிரையே காக்க நேரிடும் சந்தர்ப்பம் இது.

உதாரணத்திற் கூறிய பட்டி நாயின் துகள் ஈரத்துணியில் செந்நிறம் விட்டது. பெண்களின் கணுக்காற் கடிக்கும் அதுவே காரணம். நாய், பூனை, ஆடு அனைத்திற்கும் மருந்திட்டுப் பட்டியையும் சுத்தம் செய்து மூன்று மாதம் காத்ததில் தினவின் எண் ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்தது. வாலடி ஆறிற்று, பாதம் ஆறவில்லை.

இரண்டாம் படி: சொறிப்பூச்சி

சொறிப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு. சார்க்காப்டிஸ் என்பது தோலின் மேற்படையைக் குடைந்து வழி செய்து முட்டையிடுவது. இதனால் வரும் சொறி நாயின் தினவுகளிலெல்லாம் கொடியது. ஒரு நாயிடமிருந்து மற்றொன்றிற்கு விரைவில் ஒட்டுவது. காதின் ஓரம் தவிடு பூத்தாற்போல் தடித்திருக்கும். அவ்வோரத்தை விரல்களால் மடித்துத் தேய்க்கும்போது நாய் தன் பின்னங்காலைச் சொறிவது போல் அசைக்குமாயின் இச்சொறியென்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இது நாயைத் தொட்டுப் பழகும் சிறுவர்களின் கையிலும் வயிற்றிலும் அரிப்பை உண்டாக்கும். ஆயினும் நாய்க்குரிய இப்பூச்சி மனிதர் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாயைக் குணப்படுத்தினால் அவ்வரிப்பும் சில வாரங்களில் தணியும். தணியாவிடின் வைத்தியரைக் காணல் வேண்டும்.

வைத்தியர் தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது வழக்கம். ஆனால் சார்க்காப்டிஸ் உள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரு சுரண்டலில் பூச்சி அகப்படுவதில்லை. ஆகையால், காணவில்லை என்பது இல்லை என்பதாகாது. சந்தேகம் வலுத்திருப்பின் சிகிச்சையையே பரிசோதனையாகக் கொண்டு, உடன் வாழும் நாய்கள் அனைத்திற்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பது முறை.

டெமோடெக்ஸ் என்னும் மற்றொன்று ரோமக்குழியில் வாழ்வது. பிறந்த சில நாட்களில் தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். பெரும்பாலான நாய்களிடத்து யாதொரு தீங்குமின்றி வாழும். உடற்காவல் குறைந்த நாயில் மட்டும் மிகுந்து பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் ரோமத்தை உதிர்க்கும். கிருமிப் புண் சேராதவரை இதில் தினவு சொற்பமே. இது மனிதருக்கு ஒட்டாது. குட்டிகளிடம் ஓரிரண்டு இடங்களில் மட்டும் காண்பது பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

தெள்ளு, உண்ணி, இவ்விரு சொறிப்பூச்சிகள் ஆகிய அனைத்தையும் கொல்லும் மாத்திரைகள் 2014-ம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் வழக்கத்திற்கு வந்தன; அவை இந்தியாவிலும் கிடைக்கின்றன. இவற்றை வைத்தியர் எடைபார்த்துக் கொடுப்பதே தக்கது. வலிப்பு வரும் நாயாயின் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். ஆட்டிற்கும் மாட்டிற்கும் வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை உத்தேசமாக நாய்க்குப் போடுவது அபாயம். கோலி முதலிய சில இன நாய்கள் அதனால் மாண்டு போதலும் உண்டு.

பட்டி நாயின் காதோரம் சுத்தமாயிருந்தது. சுரண்டலிலும் பூச்சி காணவில்லை. மூன்று மாதம் கொடுத்த மாத்திரையும் சொறிப்பூச்சியைக் கொல்லும் வகையைச் சேர்ந்தது. ஆகவே இவ்வகுப்பு நீங்கியது.

மூன்றாம் படி: கிருமியும் காளானும்

கிருமிகள் பற்றிய தோலில் சீழ்ப்பருக்களும், வட்டமாகத் தோலுரிந்த தழும்புகளும் காணும். நொதிக் காளான் மிகுந்த தோல் பிசுக்கேறி, கெட்ட எண்ணெய் போல் நாறி, நாளடைவில் கறுத்து யானைத்தோல் போல் தடிக்கும், விரலிடுக்குகள் செம்பழுப்பாகும். தோலில் ஒட்டி எடுத்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வைத்தியர் இவற்றைச் சில நிமிஷங்களில் அறிவார். மருந்துச் சோப்பு நீரால் வாரத்தில் இருமுறை குளிப்பாட்டி, நுரையைப் பத்து நிமிஷம் தோலில் ஊறவிட்டுக் கழுவுதல் இவற்றிற்கு நல்ல சிகிச்சையாம். உடனே கழுவி விடுவதால் பயனில்லை.

ஆயினும் கிருமியும் நொதிக் காளானும் பெரும்பாலும் தாமே முதலில் வருபவையல்ல. வேலி சாய்ந்த கொல்லையில் ஆடு புகுவது போல, வேறொரு காரணத்தால் கெட்ட தோலில் இவை புகுகின்றன. ஆட்டை விரட்டுவது அவசியமே. வேலியைச் சீர் செய்யாவிடின் அது நாளையும் வரும். மருந்துக் குளிப்பால் குணமாகி மாதந்தோறும் திரும்பும் புண்ணுக்கு அடியில் தெள்ளோ ஒவ்வாமையோ உண்டென்று கொள்ள வேண்டும்.

படர்தாமரை இவற்றினின்றும் வேறானது. வட்டமாக ரோமம் உதிர்ந்து காணும். தினவு குறைவாகவே இருக்கும். மனிதருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஒட்டும். ஆகையால் வைத்தியர் பரிசோதித்துச் சொல்லும் வரை நாயைக் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைத்தல் நலம்.

பட்டி நாயின் விரலிடுக்கில் நொதிக் காளான் மிகுந்திருந்தது. ஒரு மாதக் குளிப்பில் நாற்றம் நீங்கி, எண் மூன்றாயிற்று. ஆனால் குளிப்பை நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் பாதத்தை நக்கத் தொடங்கியது. வேலி இன்னும் சாய்ந்தே இருந்ததென்பது இதனால் விளங்கும்.

நான்காம் படி: உணவுப் பரிசோதனை

உணவு ஒவ்வாமையை இரத்தத்தைச் சோதித்தோ எச்சிலைச் சோதித்தோ நம்பத்தக்கவாறு அறிய முடியாது. அறியும் வழி ஒன்றே: நாய் இதுவரை தின்றறியாத உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தல். ஒவ்வாமை தருவன பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை போன்ற அன்றாட உணவுகளே. புதிய உணவே தீங்கு செய்யும் என்பதும், பல ஆண்டுகளாகத் தின்று வருவது தீங்கு செய்யாது என்பதும் தவறான எண்ணங்கள். உடம்பு ஒரு பொருளைப் பலகால் சந்தித்த பின்னரே அதனை விரோதிக்கக் கற்கின்றது.

மோர்ச்சோறும் கோழிக்கழிவும் தின்று வளர்ந்த உள்நாட்டு நாய்க்குக் கேழ்வரகும் கடல்மீனும் புதியனவாக இருக்கலாம். அப்போது முள் நீக்கி உப்பின்றி வேகவைத்த மீனையும் கேழ்வரகுக் களியையும் மட்டுமே கொடுக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு விஷம், அதனைச் சேர்க்கலாகாது. கருவாடு உப்பு மிகுதியால் தகாது. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் இத்தகைய உணவை வைத்தியரைக் கேளாது கொடுக்கக் கூடாது.

காலம் எட்டு வாரம். அதற்குள் உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை குணம் காட்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையென்று கைவிடுவோரே பலர். அன்றியும் இக்காலத்தில் ஒரு துண்டு பிஸ்கோத்தும், குழந்தை இரக்கப்பட்டுப் போடும் ஒரு கவளமும், பால் கறக்கும்போது சிந்தியதை நக்குவதும் பரிசோதனையைக் கெடுத்துவிடும். ஆகவே நாயைக் கட்டி வைத்து, வீட்டார் அனைவருக்கும், அயலாருக்கும் கூட, அறிவித்துவிட வேண்டும்.

குணம் கண்டபின் செய்ய வேண்டுவதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்த்தாலன்றிக் குணம் உணவால் வந்ததா, பருவம் மாறியதால் வந்ததா என்பது நிச்சயமாகாது. பழைய உணவால் இரண்டு வாரத்திற்குள் தினவு திரும்பினால் சந்தேகம் தீர்ந்தது. பின்பு பரிசோதனை உணவுக்கு மாறி, தினவு அடங்கியதும், பழைய பண்டங்களை ஒவ்வொன்றாக இரண்டிரண்டு வாரம் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

பட்டி நாய்க்கு எட்டாம் வார முடிவில் எண் ஒன்றாயிற்று. பழைய உணவு கொடுத்த ஐந்தாம் நாள் பாதத்தை நக்கத் தொடங்கியது. பின்னர் சோற்றைத் தனியே சேர்த்தபோது ஒன்றுமில்லை. கோழியைச் சேர்த்தபோதும் ஒன்றுமில்லை. மோரைச் சேர்த்தபோது தினவு வந்தது. இரண்டாண்டுகள் அதனை வருத்தியது நாள்தோறும் அன்போடு ஊற்றிய மோரேயாம். வாலடிக்குத் தெள்ளும், பாதத்திற்கு மோரும், இரண்டின்மேல் வந்தேறிய காளானும் ஆக மூன்று வாய்க்கால்கள் இந்நாயின் ஏரியை நிரப்பின.

ஐந்தாம் படி: தூசியும் பூந்தாதும்

மேற்கூறிய நான்கினையும் முறைப்படி நீக்கிய பின்னும் முகமும் பாதமும் காதும் அக்குளும் தினவெடுக்குமாயின், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளோ, பூந்தாதோ, பூஞ்சணமோ ஒவ்வாமல் இருக்கின்றது என்று முடிவு செய்யலாம். இதற்கென்று தனிப் பரிசோதனை ஒன்றுமில்லை. பிறவற்றை நீக்கியே இதனை அறிய வேண்டும். தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும், ஒவ்வாத பொருளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சைக்கு எப்பொருளைத் தெரிந்தெடுப்பது என்பதற்கே பயன்படுவன. இக்கோளாறு பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிப்பது; ஆயினும் அடக்கி வைக்கத்தக்கது. அடிக்கடி குளிப்பாட்டுதலும், படுக்கையைத் துவைத்தலும், தெள்ளு அணுகாது காத்தலும், வைத்தியர் கொடுக்கும் தினவடக்கும் மருந்தும் சேர்ந்து நாயை நலமாக வாழச் செய்யும்.

விலக்க வேண்டியவை

வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில், புகையிலைக் கஷாயம் ஆகியவற்றை நாயின்மேல் பூசும் வழக்கம் மிகக் கொடியது. தோலின் வழியாகவும் நக்குவதாலும் இவை உள்ளே சென்று ஈரலையும் நரம்பையும் கெடுக்கின்றன. நாய் இறந்தால் சொறியே கொன்றது என்று கருதப்படுகின்றது. முற்காலத்தில் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. தூளுக்கு 1997-ம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. பழைய இருப்பு எங்கேனும் கிடைப்பினும் கையாளலாகாது. மாட்டுண்ணிக்குரிய மருந்தை அளவின்றி நாய்க்குக் கலப்பதும், பெர்மெத்ரின் சேர்ந்த நாய் மருந்தைப் பூனைக்கு இடுவதும் உயிருக்கு அபாயம்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. எக்காரணத்தால் வந்த தினவையும் அது சில வாரம் அடக்கும். ஆகையால் காரணத்தை மறைக்கும். ஒவ்வாமையில் அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் போடுவதால் உடற்காவல் தளர்ந்து, டெமோடெக்ஸ் பெருகிச் சிறிய இடத்தில் இருந்த சொறி உடம்பெங்கும் பரவுவதும் உண்டு. ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்து, அடுத்த வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

முடிவு

மேலே கூறியவற்றின் சாரம் இது: தினவு அடையாளமேயன்றி வியாதியன்று, காரணம் ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம், முதலில் பூச்சி, பின் சொறிப்பூச்சி, பின் கிருமியும் காளானும், பின் உணவு, கடைசியில் தூசி என்னும் வரிசையில், ஒரு படியை முடித்தபின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும், ஒவ்வொன்றின் பலனையும் வாரந்தோறும் எண்ணிட்டு எழுத வேண்டும். இதற்குச் செல்லும் காலம் ஆறு மாதமாகலாம். செலவில் பெரும்பகுதி மருந்தினுடையதன்று, கவனத்தினுடையதே. பட்டியைச் சுத்தம் செய்யும் வேலை ஆடுகளுக்கும் நன்மை தருவதாகையால் அதுவும் வீண்போகாது.

பேசத் தெரியாத பிராணி சொறிந்து காட்டுவதே அதன் முறையீடாகும். அதனைச் சாக்கில் கட்டித் தொலைவில் விடுவதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியொன்றை எடுத்து அதன் வாலடியை வாரிப் பார்ப்பது வளர்ப்பவர் கடமையாம்.